பாறைப் பிளவின் நீளமும் பெயர்ச்சியும்: களத்தில் அளந்து பார்ப்பது எப்படி?

பாறையில் விழுந்த விரிசலின் இருபுறமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்திருந்தால், அதைப் பெயர்ச்சிப் பிளவு என்கிறோம். இத்தகைய பிளவு எவ்வளவு நீளமானதோ, அதற்கேற்ப அதன் நகர்வும் கூடும். பல நாடுகளில், பல வகைப் பாறைகளில் அளந்து பார்த்ததில், ஒரு பிளவின் உச்சப் பெயர்ச்சி அதன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் இடையிலேயே பெரும்பாலும் அமைந்திருக்கிறது. நூறில் ஒரு பங்கு என்ற அளவு அடிக்கடி வருகிறது. கையளவு கல்லில் தெரியும் பிளவுக்கும் மலைத்தொடரை வெட்டிச் செல்லும் பிளவுக்கும் ஏறக்குறைய ஒரே விதி பொருந்துகிறது என்பது வியப்பானது. அதைவிட மகிழ்ச்சி தருவது, அந்த விதியைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் எதுவும் தேவையில்லை என்பதுதான். சித்தூர், குப்பம், பலமநேர், நகரி, புத்தூர் வட்டாரத்தில் வாழும் தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் ஓர் அளவு நாடா, ஓர் அடிக்கோல், திசை காட்டும் ஒரு காம்பஸ், ஒரு நோட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு இதைச் செய்துவிடலாம்.

அளக்கப் புறப்படும் முன் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. பிளவின் நடுப்பகுதியைப் பார்ப்பது எளிது; அங்கேதான் நகர்வு பெரிதாகத் தெரியும், படம் எடுக்கவும் அழகாக இருக்கும். ஆனால் பிளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல், நடுவில் எடுத்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. இரண்டு முனைகளையும் தேடிப் போவதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல்.

நீளத்துக்கும் நகர்வுக்கும் ஏன் தொடர்பு இருக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி விரித்து, அதன் நடுவில் பிளேடால் மூன்று சென்டிமீட்டர் கீறல் போடுங்கள். கீறலுக்குக் குறுக்கே பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் வரையுங்கள். கீறலின் ஒருபுறத்தை வலப்பக்கமும் மறுபுறத்தை இடப்பக்கமுமாக இழுத்தால், கீறலின் நடுவில் உள்ள கோடு அதிகம் விலகும். முனையை நெருங்க நெருங்க விலகல் குறைந்து, முனையில் இல்லாமலே போகும். அடுத்து கீறலை ஆறு சென்டிமீட்டராக நீட்டி அதே அளவு விசையோடு இழுத்தால், நடுவில் விலகல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாறையிலும் இதுவேதான் நடக்கிறது. ஆனால் ரப்பரை விட்டுவிட்டால் கோடுகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பாறையில் பிளவு முனையைச் சுற்றியுள்ள பகுதி நொறுங்கியும் வளைந்தும் நிரந்தரமாக உருமாறிவிடுவதால் நகர்வு அப்படியே நிலைத்துவிடும். அடுத்த நகர்வின்போது முனை சற்று முன்னேறும், நடுவில் பெயர்ச்சி சற்றுக் கூடும். இப்படி இரண்டும் சேர்ந்து வளர்வதால்தான் அவற்றுக்கிடையே விகிதம் ஒன்று பேணப்படுகிறது.

இதைச் சூத்திரமாக எழுதினால், உச்சப் பெயர்ச்சி என்பது ஒரு மாறிலியை நீளத்தின் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கக் கிடைப்பது. அந்த அடுக்கு எவ்வளவு என்பதில்தான் நெடுநாள் விவாதம் நடந்தது. 1986இல் நிலவியலாளர் வாட்டர்சன் அது 2 என்று கருதினார். 1991இல் மேரட்டும் ஆல்மெண்டிங்கரும் 1.5ஐ ஒட்டி வருவதாகக் கூறினர்; 1992இல் கௌவியும் ஷோல்ஸும், வெவ்வேறு பாறைகளில் எடுத்த அளவுகளை ஒன்றாகக் கலந்ததால்தான் அந்த எண்கள் பெரிதாக வந்தன என்றும், ஒரே இடத்தில் ஒரே பாறையில் அளந்தால் அடுக்கு 1 என்றும் வாதிட்டனர். 1993இல் கலிபோர்னியாவின் பிஷப் நகரை ஒட்டிய எரிமலைச் சாம்பல் மேட்டுநிலத்தில், சில பத்து மீட்டர் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரை நீளமுள்ள பிளவுகளை அளந்தபோது, நேர்விகிதத் தொடர்பே கிடைத்தது. 1996இல் அமெரிக்காவின் டான்வில் படுகையில் மிகச் சிறிய பிளவுகளை அளந்தவர்களுக்கும் அடுக்கு 1ஐ ஒட்டியே வந்தது. அங்கே பெயர்ச்சி நீளத்தில் ஏறக்குறைய நூறில் மூன்று பங்கு.

அடுக்கின் மதிப்பு ஏன் முக்கியம் என்பதை எண்களால் பார்த்துவிடுவோம். ஒரு மீட்டர் நீளப் பிளவு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பாறையில் பத்து மீட்டர் நீளப் பிளவு எவ்வளவு நகர்ந்திருக்கும்? அடுக்கு 0.5 என்றால் 3.2 சென்டிமீட்டர், 1 என்றால் 10 சென்டிமீட்டர், 1.5 என்றால் 32 சென்டிமீட்டர். 2 என்றால் ஒரு மீட்டர். ஒரே ஒரு பத்து மடங்கு ஏற்றத்திலேயே இவ்வளவு வேறுபாடு வந்துவிடுகிறது. அடுக்கு 0.5 என்பது கற்பனை அல்ல: நகராமல் வாய் மட்டும் பிளந்த விரிசல்களிலும், அவற்றை நிரப்பிய குவார்ட்ஸ் நரம்புகளிலும் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள தொடர்பு பல இடங்களில் இந்த மதிப்பை ஒட்டியே வருகிறது. ஆகவே வெறும் விரிசலையும் பெயர்ச்சிப் பிளவையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

எங்கே தொடங்குவது?

மலைக்குப் போகும் முன் கிரானைட் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைக்குப் போகுமாறு பரிந்துரைக்கிறேன். சித்தூர், குப்பம் பகுதிகளில் இத்தகைய பட்டறைகளுக்குக் குறைவில்லை. மண் மூடிய, பாசி படிந்த, வெயிலில் கருத்த பாறைமுகத்தில் மணிக்கணக்காகத் தேடியும் தெரியாத பிளவுகள், ஈரமாக்கிய பாலிஷ் பரப்பில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் முறையாக அனுமதி கேளுங்கள். நல்ல ஸ்லாப்களைப் புரட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் 'ஹேர்லைன்' இருப்பதாக ஒதுக்கி வைத்தவற்றைப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. நமக்கு வேண்டியவையும் அவையே.

ஒதுக்கிய ஸ்லாபில் இரண்டு வகைக் கோடுகள் இருக்கும். அறுக்கும்போதும் லாரியில் ஏற்றி இறக்கும்போதும் விழுந்த புதிய விரிசல் ஒரு வகை: அதன் விளிம்பு கூர்மையாக இருக்கும், நகத்தால் வருடினால் தட்டுப்படும், அதன் இருபுறமும் உள்ள வெள்ளை நரம்பு தொடர்ச்சியாகவே இருக்கும். மற்றது பூமிக்குள் ஆழத்தில் உருவாகி, பின்னர் கனிமங்கள் படிந்து ஒட்டிக்கொண்ட பழைய பிளவு: பெரும்பாலும் பிஸ்தா பச்சை நிறத்தில் எபிடோட் கனிமமோ, கரும்பச்சையில் குளோரைட்டோ, வெள்ளையாகக் குவார்ட்ஸோ மெல்லிய கோடாக அதை நிரப்பியிருக்கும், அதை வெட்டும் நரம்பு சட்டென்று அறுந்து சற்றுத் தள்ளித் தொடரும். அந்தத் தள்ளல்தான் நாம் அளக்கப் போவது.

நைஸ் (gneiss) எனப்படும் வரிவரியான பாறையின் ஸ்லாப் ஒன்றில் அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைக் கோடு ஓடுவதாகவும், அதை ஐந்து வெள்ளை நரம்புகள் குறுக்கே வெட்டுவதாகவும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். இடது முனையிலிருந்து 5, 15, 28, 40, 52 சென்டிமீட்டர் தொலைவில் நரம்புகள் முறையே 1, 4, 6, 5, 2 மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன. இதை வரைபடமாக்கினால் நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் வளைவு கிடைக்கும். உச்சம் 6 மில்லிமீட்டர், நீளம் 600 மில்லிமீட்டர், விகிதம் நூறில் ஒன்று. விலகலை அளக்கும்போது நரம்பின் ஒரே விளிம்பைப் பிடித்து அளக்க வேண்டும். நரம்பின் நடுவைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பகமல்ல. பிளவுக் கோட்டின் போக்கிலேயே அளக்க வேண்டும், நரம்புக்குச் செங்குத்தாக அல்ல. மில்லிமீட்டர் அளவுகளுக்குக் காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து, பின்னர் கணினித் திரையில் பெரிதாக்கி அளக்கலாம்.

முனையைத் தீர்மானிப்பதில் பொறுமை வேண்டும். பச்சைக் கோடு மங்கி மறையும் இடம் உண்மையான முனையா, அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகி மேலும் ஓடுகிறதா? தண்ணீர் தெளித்துத் துடைத்த பின், ஈரம் காயும்போது பாருங்கள். மெல்லிய பிளவு சுற்றியுள்ள கல்லைவிடத் தாமதமாகக் காய்ந்து கருங்கோடாகத் தெரியும். அப்போதும் ஐயம் இருந்தால், விலகல் வளைவை இருபுறமும் நீட்டி, அது பூச்சியத்தைத் தொடும் இடத்தை முனையாகக் கொண்டு, அவ்வாறு கணித்ததாக நோட்டில் குறித்துவிடுங்கள்.

பட்டறை தரும் இன்னொரு வாய்ப்பு மலையில் எங்கும் கிடைக்காதது. ஒரே பிளாக்கிலிருந்து அறுத்த ஸ்லாப்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும்; ஓரத்தில் பிளாக் எண்ணும் ஸ்லாப் எண்ணும் எழுதியிருப்பார்கள். ஸ்லாபின் தடிப்பு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், அதோடு அறுவையில் தூளாகிப் போகும் சில மில்லிமீட்டர். ஆக, ஒரே பிளவை இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு முறை வெட்டிப் பார்த்த தொடர் நம் முன் நிற்கிறது. முதல் ஸ்லாபில் இருபது சென்டிமீட்டராக இருக்கும் பிளவு அடுத்தடுத்த ஸ்லாப்களில் நீண்டு, பின் குறுகி, மறையும். பாலிஷ் போட்ட முகம் எல்லா ஸ்லாபிலும் ஒரே பக்கம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஸ்லாப்களை எதிரெதிர் முகங்களில் பாலிஷ் போட்டிருந்தால் இடவலம் மாறிவிடும். இந்தத் தொடரைத் தாளில் வரைந்தால், பிளவு என்பது கோடு அல்ல, எல்லாப் பக்கமும் முடிவுள்ள நீள்வட்டத் தளம் என்பது கண்முன் விளங்கும். படத்தில் பார்த்துப் படிப்பதைவிடப் பல மடங்கு தெளிவு இதில் கிடைக்கிறது. ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டிய இடம் இது.

இதே தொடர் ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் தருகிறது. பாறைமுகம் பிளவுத் தளத்தின் மையத்தை வெட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வட்டமான ஒரு பிளவில் மையத்திலிருந்து விளிம்புவரை பெயர்ச்சி சீராகக் குறைவதாகக் கொண்டால், மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதித் தொலைவில் வெட்டிய முகத்தில் நீளம் உண்மையான நீளத்தில் 87 விழுக்காடாகத் தெரியும், உச்சப் பெயர்ச்சியோ பாதிதான் தெரியும். விகிதம் 58 விழுக்காடாகக் குறைந்துவிடும். களத்தில் எடுக்கும் அளவுகள் சிதறிக் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் புள்ளிகள் கோட்டில் வரவில்லையே என்று மனம் தளர வேண்டாம்.

தெரியும் விலகலும் உண்மையான நகர்வும்

குவாரித் தரையிலும் பாறைமுகத்திலும் தெரிவது விலகல் மட்டுமே. பாறை உண்மையில் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்பது வேறு. இதைப் பிரித்தறியாமல் எடுத்த அளவுகள் எத்தனை இருந்தாலும் பயன்படா.

செங்குத்தான பிளவு ஒன்று பத்து சென்டிமீட்டர் நேர் மேல்கீழாக மட்டும் நகர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அதைக் குறுக்கே வெட்டும் நரம்பு, பிளவுத் தளத்தில் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், சமதரையில் நமக்கு 17 சென்டிமீட்டருக்கு மேல் விலகல் தெரியும். நரம்பு 80 பாகை சாய்ந்திருந்தால் 2 சென்டிமீட்டர்கூடத் தெரியாது. செங்குத்தாக நிற்கும் நரம்பு விலகவே விலகாது. சித்தூர்ப் பகுதியில் கருப்பு கிரானைட் என்று வெட்டி எடுக்கப்படும் டோலரைட் டைக்குகள் (உருகிய குழம்பு பாறைக்குள் புகுந்து சுவர் போல இறுகியவை) பெரும்பாலும் செங்குத்தாகவே நிற்பதால், அவை கிடைவாட்ட நகர்வை நன்றாகக் காட்டும், மேல்கீழ் நகர்வை மறைத்துவிடும். டைக் விலகவில்லை என்பதற்காகப் பிளவு நகரவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இதற்குத் தீர்வு, ஒரே பிளவில் வெவ்வேறு சாய்வுள்ள இரண்டு நரம்புகளைத் தேடுவது. செங்குத்து நரம்பு தரும் விலகல் கிடைநகர்வு. சாய்ந்த நரம்பின் விலகலிலிருந்து அதைத் திசை பார்த்துக் கழித்து, மீதியைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜெண்டால் பெருக்கினால் மேல்கீழ் நகர்வு கிடைக்கும். பிளவுத் தளம் திறந்திருந்தால் அதில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். இழைப்புளி ஓட்டியது போன்ற உரசல் கோடுகள் இருக்கலாம். கோடுகளின் போக்கே நகர்வின் போக்கு, ஆனால் அவை பெரும்பாலும் கடைசி நகர்வை மட்டும் சொல்லும். பல கோடி ஆண்டுகளில் ஒரே பிளவு பல திசைகளில் நகர்ந்திருக்கக் கூடும் என்பதால் இரண்டு வழிகளிலும் பார்ப்பது நல்லது. சாய்ந்த பிளவுகளில் செங்குத்து வீழ்ச்சியை மட்டும் அளந்திருந்தால், அதைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்துத் தளத்தின் போக்கிலான நகர்வாக மாற்றிக்கொள்ளுங்கள்: 60 பாகை சாய்ந்த பிளவில் 50 சென்டிமீட்டர் வீழ்ச்சி என்பது 58 சென்டிமீட்டர் நகர்வு.

மலைகளில்

பட்டறையில் சென்டிமீட்டரும் குவாரியில் மீட்டரும் கிடைத்த பின், பத்து, நூறு மீட்டர் நீளப் பிளவுகளுக்கு வெளியே போகத்தான் வேண்டும். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா செல்லும் சாலையில் துணையாக வரும் மலைகளின் உச்சிச் சுவர்கள் குவார்ட்சைட் பாறையால் ஆனவை. ஆதிக் கடற்கரை மணல் இறுகி உருவான இந்தப் பாறை அடுக்கடுக்காக, ஏறக்குறைய கிடையாகப் படிந்திருப்பதால், மேல்கீழ் நகர்வை அளக்க இதைவிடச் சிறந்த அடையாளம் கிடைக்காது: டைக் மறைக்கும் தகவலை இந்த அடுக்குகள் தருகின்றன. சுவரின் எதிரே நின்று, தடித்த ஓர் அடுக்கைக் கண்ணால் பின்தொடர்ந்து செல்லுங்கள். அது படியாக இறங்கும் இடத்தில் பிளவு இருக்கும். எந்த அடுக்கு எதன் தொடர்ச்சி என்று உறுதிசெய்ய ஒரே ஓர் அடுக்கை நம்பாதீர்கள். மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் தடிப்பு வரிசை இருபுறமும் ஒத்துப்போக வேண்டும்.

திருமலை மலைப்பாதையில் கிரானைட்டின் மேல் குவார்ட்சைட் அமர்ந்திருக்கும் எல்லைக்கோடு உலகறிந்த ஒன்று. தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய எல்லைக்கோடும் சிறந்த அடையாளமே. ஆனால் அங்கே வண்டியை நிறுத்துவதோ பாறையைச் சுரண்டுவதோ கூடாது. பேருந்தில் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சேஷாசலம் காட்டுப்பகுதியில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். குப்பம், பலமநேர் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய குன்றுகளில் யானை நடமாட்டம் உண்டு. ஊர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் தனியாக ஏறவே கூடாது. இயங்கும் குவாரியில் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அறுத்த சுவரின் அடியில் நிற்காமல் அளவு எடுங்கள்.

நீளத்தை அளக்க, நூறு மீட்டர்வரை நாடாவே நம்பகமானது; கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால் குறுகிய பிளவுகளுக்கு உதவாது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் பிளவுகளுக்குச் செயற்கைக்கோள் படங்களையும், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் தளத்தில் கிடைக்கும் வரைபடங்களையும் பயன்படுத்தலாம். படத்தில் டைக்குகள் கருங்கற்கள் குவிந்த நீண்ட மேடுகளாகத் தெரியும். ஒரு மேடு அறுந்து பக்கத்தில் தள்ளித் தொடர்ந்தால் உடனே அதைப் பிளவு என்று முடிவுசெய்ய வேண்டாம். உருகிய குழம்பு பாறைக்குள் புகுந்தபோதே டைக் துண்டு துண்டாக, ஒன்றையொன்று ஒட்டி விலகிய வரிசையில் அமைந்திருக்கக் கூடும். அடுத்த டைக்கும் அதே கோட்டில் அதே பக்கமாக விலகியிருக்கிறதா, இடைவெளியில் நொறுங்கிய பாறை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். படத்தில் நேராகத் தெரியும் ஓடையும் பள்ளமும் வெறும் விரிசலாகவே இருக்கலாம்.

வரைபடமும் விலகல்களும்

அளவுகளை இரு அச்சிலும் மடக்கை அளவுகோல் கொண்ட தாளில் குறியுங்கள். கணினியில் எந்த விரிதாள் மென்பொருளும் இதைச் செய்யும். கிடை அச்சில் நீளம், செங்குத்து அச்சில் உச்சப் பெயர்ச்சி. புள்ளிகள் ஊடாகச் செல்லும் நேர்கோட்டின் சாய்வே நம் சூத்திரத்தின் அடுக்கு. நீளம் நூறு மடங்காவது வேறுபட்டிருந்தால்தான் அந்தச் சாய்வை நம்பலாம். ஐம்பது சென்டிமீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் இடைப்பட்ட பிளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கு 1.3 என்று அறிவிப்பதில் பொருளில்லை. அந்த வீச்சில் சிதறலே சாய்வைத் தீர்மானித்துவிடும். கிரானைட், குவார்ட்சைட் இரண்டையும் வேறு வேறு நிறங்களில் குறியுங்கள். ஸ்லாபின் விளிம்பில் ஒரு முனை அறுந்துபோன பிளவுகளுக்கு நீளம் குறைந்தபட்ச அளவே. புள்ளியிலிருந்து வலப்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டு, சாய்வுக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

கோட்டுக்கு வெகு தொலைவில் விழும் புள்ளிகளே எனக்கு மிகவும் பிடித்தவை. பிளவின் வரலாறு அங்கேதான் இருக்கிறது. நூறு மீட்டர் நீளமுள்ள, ஒரு மீட்டர் நகர்ந்த இரண்டு பிளவுகள் முனைக்கு முனை நெருங்கி ஒன்றாக இணைந்துவிட்டால், நீளம் ஒரே நாளில் இருநூறு மீட்டராகிவிடும். பெயர்ச்சி ஒரு மீட்டராகவே இருக்கும். விகிதம் பாதியாகும். பின்னர் நகர்வு சேர்ந்து, அது மெல்ல மெல்லக் கோட்டை எட்டும். இத்தகைய பிளவில் பெயர்ச்சி வளைவு நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயர்ந்து இரண்டு முகடுகளாக இருக்கும். இணைந்த இடத்தில் சிறு பிளவுகள் நெருக்கமாகக் கூடியிருக்கும். மாறாக, புள்ளி கோட்டுக்கு மிக உயரே விழுந்தால், பிளவு ஏதோ ஒரு தடையால் நீள முடியாமல் நகர்வை மட்டும் சேர்த்திருக்கலாம். அல்லது மிகப் பழைய பிளவு ஒன்று தன் நீளம் மாறாமலே புதிதாக நகர்த்தப்பட்டிருக்கலாம். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள நம் வட்டாரக் கிரானைட் பகுதியில் இந்த இரண்டாவது வாய்ப்பை எப்போதும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டத்தட்டுகளின் எல்லையாகவே அமைந்த பிளவுகளுக்கு இந்த விதி பொருந்துவதில்லை: கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீளமுள்ளது, அதன் நகர்வோ 300 கிலோமீட்டருக்கு மேல்.

நிலநடுக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்வோர் மிகப் பலர். நாம் அளப்பது பிளவின் வாழ்நாள் முழுவதும் சேர்ந்த நகர்வு. ஒரு நிலநடுக்கத்தில் ஏற்படும் நகர்வு, உடைந்த நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் இலட்சத்தில் ஒரு பங்குவரை மட்டுமே. இருபது கிலோமீட்டர் நீளப் பிளவு இருநூறு மீட்டர் நகர்ந்திருந்தால், ஒரு தடவைக்கு ஒரு மீட்டர் வீதம் இருநூறு முறை அது முழு நீளத்துக்கும் உடைந்திருக்க வேண்டும். 2001 ஜனவரி 26இல் 7.7 அளவில் நிகழ்ந்த பூஜ் நிலநடுக்கத்தில், ஆழத்தில் பிளவு மீட்டர் கணக்கில் நகர்ந்தும், அந்தப் பிளவு தரைமட்டத்தை உடைத்துக்கொண்டு வெளிவரவில்லை. ஆகவே தரையில் நீளமான பிளவைப் பார்த்து நிலநடுக்க ஆபத்தைச் சொல்வதும், பிளவு தெரியவில்லை என்று ஆபத்தில்லை என்பதும் இரண்டும் தவறு.

ஆழ்துளைக் கிணறுக்கு இடம் பார்க்க

நம் ஊர்களில் பிளவைப் பற்றி முதலில் வரும் கேள்வி தண்ணீரைப் பற்றியதுதான், அது நியாயமான கேள்வி. கிரானைட் பாறைக்குத் தன்னளவில் தண்ணீரைச் சேமிக்கும் இடமில்லை. விரிசல்களும் நொறுங்கிய பகுதிகளுமே நீர் தரும். பிளவின் நடுவே அரைபட்டுத் தூளான பகுதியின் தடிப்பு, பெரும்பாலும் பெயர்ச்சியில் நூறில் ஒரு பங்குக்கும் பத்தில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்கும். முந்நூறு மீட்டர் நீளத்துக்குத் தடம் தெரியும் பிளவு ஒன்று நிலத்தைக் கடந்து போனால், நூறில் ஒன்று என்ற விகிதத்தில் அதன் பெயர்ச்சி மூன்று மீட்டர். அரைபட்ட பகுதி மூன்று முதல் முப்பது சென்டிமீட்டர். பெயர்ச்சியே முப்பது சென்டிமீட்டராகவோ முப்பது மீட்டராகவோ இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அரைபட்ட பகுதி களிமண்ணாக மாறியிருந்தால் அது நீரைத் தராது, தடுப்புச் சுவராகவே நிற்கும். நீர் கிடைப்பது அதன் இருபுறமும் விரிசல் விட்ட பாறையில். ஆகவே துளையைப் பிளவுக் கோட்டின் மேலேயே போடாமல், பிளவு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சற்றுத் தள்ளிப் போட்டால், ஆழத்தில் அது விரிசல் பகுதியை வெட்டும். 70 பாகை சாய்ந்த பிளவை அறுபது மீட்டர் ஆழத்தில் தொட வேண்டுமானால், கோட்டிலிருந்து ஏறக்குறைய இருபத்திரண்டு மீட்டர் தள்ளிப் போட வேண்டும். முனைகளின் அருகிலும் இரண்டு பிளவுகள் இணையும் இடத்திலும் விரிசல்கள் நெருக்கமாக இருக்கும் என்பதால், நிலம் அங்கே அமைந்தவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். இந்தக் கணக்கு ரிக் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுக்க மட்டுமே உதவும். அவற்றில் எது என்பதை மண்ணின் மின்தடை அளவீடு செய்து பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள்.